காப் பொய் சொல்வதாக வைத்துக்கொண்டால்

செரான் வாய் நிறைய பார்லி டீயை வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுவாள். விழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது. ஒரு மாதிரித்தாள் முடியும்வரை இரண்டு கன்னமும் உப்பியபடி இருக்கும். படிக்கும்போது அவளுக்கு உதடு அசையும். அந்தப் பழக்கத்தை நிறுத்த வேறு வழி தெரியாமல் அவளே தனக்குக் கொடுத்துக்கொண்ட தண்டனை அது.

வீட்டிலிருந்தே எழுதும் திறனறித் தேர்வு வந்த பிறகு எங்கள் ஊரில் வேலை தேடுகிற எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒரு பயம் சேர்ந்திருந்தது. செல்போனைத் தாங்கியில் நிறுத்தி, முகமும் இரண்டு கையும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைக்க வேண்டும். அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். திரையில் விரல் பட்டால் வெளியே. கை மறைந்தால் வெளியே. அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் வெளியே. உதடு அசைந்தால், யாருடனோ பேசுகிறாள் என்று எழுதிவிடுவார்கள்.

ஒருமுறை யீசுல் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்ததில் டீ முழுவதும் செரானின் மூக்கு வழியாக மேஜைமேல் வந்தது. அவள் முதலில் செய்தது கேமரா வைக்கும் இடத்தைப் பார்த்ததுதான். அங்கே அன்று கேமராவே இல்லை.

நாங்கள் நான்கு பேர். பல்கலைக்கழகத்தின் பின்வாசல் தெருவில், கிம்பாப் என்னும் சோற்றுச் சுருள் விற்கும் கடைக்கு மேலே, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு படிப்பறையில் வாரம் மூன்று முறை கூடுவோம். குழுவைச் சேர்த்தவர் தக் ஜுஹோ. எங்களில் மூத்தவர். பெரிய கம்பெனிகளின் கடைசி நேர்காணல்வரை இரண்டு முறை போய்விட்டுத் திரும்பியவர் என்பதால் அவர் சொன்னால் கேட்போம். குளிர்காலத்தில் எல்லோருக்கும் கையில் வைத்துக் கதகதப்பாக்கிக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம் வாங்கி வருவார், யாராவது தாமதமாக வந்தால் எல்லோருக்கும் கிம்பாப் வாங்கித் தர வேண்டும் என்று சட்டம் போடுவார். யீசுல் கல்லூரியின் கடைசி வருஷத்தில் இருந்தாள். எங்களில் சின்னவள், வேகமானவள். நான் பல வருஷம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு அம்மா வீட்டின் பின்னறையில் வந்து விழுந்திருந்தேன். விண்ணப்பத்தில் அந்த வருஷங்களுக்கு எதிரே எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நான்காவது ஆள் செரான். முப்பத்தொரு வயது. வயது வரம்பு என்று எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் போடுவதில்லை. ஆனால் முப்பதைத் தாண்டிய புதிய ஆளை யாரும் எடுப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இதுதான் தனக்குக் கடைசி ஆள்சேர்ப்புப் பருவம் என்று அவள் அடிக்கடி சொல்வாள். சொல்லும்போது கட்டைவிரல் ஓரத்துத் தோலைப் பிய்ப்பாள்.

முதல் நாளே ஜுஹோ எல்லோருக்கும் பெயர் வைத்துவிட்டார். ரீசனிங் புத்தகங்களில் வரும் ஐந்து பேரின் பெயர்கள்: காப், உல், பியோங், ஜோங், மூ. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்கு இருந்த பழைய பெயர்கள் அவை. வட்ட மேஜையைச் சுற்றி உட்காருவதும், ஒருவர் மட்டும் பொய் சொல்ல மற்ற நால்வரும் உண்மை சொல்வதும் இவர்கள்தான்.

“நான் காப். செரான் உல். யீசுல் பியோங். நீ ஜோங்,” என்றார் என்னைப் பார்த்து. “மூ இல்ல. மூ வேலை கெடச்சுப் போயிட்டாரு.”

நாங்கள் சிரித்தோம். செரானும் சிரித்தாள். ஆனால் அவள் சிரித்த விதத்தில் ஏதோ இருந்தது. உல் என்ற பெயர் அவளுக்குப் புதிதல்ல என்று பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் ஒப்பந்தத் தாள்களிலும் இதே பெயர்கள்தான். வேலை கொடுப்பவர் காப். வேலை செய்கிறவர் உல். ‘காப் விரும்பினால்’, ‘உல் கடமைப்பட்டவர்’ என்று பக்கம் பக்கமாக ஓடும். செரான் ஜின்சோன் பக்கத்துப் பெண். அப்பா மாட்டுத் தீவன லாரி ஓட்டுகிறார், அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறார். படிப்பு முடிந்ததும் நகரத்தின் ஓரத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், ஆள் அனுப்பும் நிறுவனம் வழியாக, தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு வருஷம் உல்லாக இருந்தாள்.

ஒருநாள் அங்கிருந்து போன சரக்கு குறையோடு திரும்பி வந்தது. அதை அனுப்பாதே என்று முன்பே போனில் சொன்னேன் என்றார் பிரிவுத் தலைவர். அப்படி ஒரு போன் செரானுக்கு வரவே இல்லை. கூட்ட அறையில் உட்கார வைத்து, தட்டச்சு செய்த தாள் ஒன்றை அவள் முன்னால் தள்ளினார்கள். கவனக்குறைவை உல் ஒப்புக்கொள்கிறார் என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

ஏன் போட்டாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“போடலன்னா எந்திரிக்கவே விட மாட்டாங்கன்னு தோணுச்சு. எனக்கு பாத்ரூம் வேற போகணும்,” என்றாள். “அப்புறம் பாரு, ஒரு மாசத்துல எனக்கே சந்தேகம் வந்துருச்சு. போன் வந்திருக்குமோ, நான்தான் மறந்துட்டேனோன்னு.”

பொய்யன் யார் என்று கண்டுபிடிக்கும் கணக்கில் அவள் தோற்றது இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கை எங்கிருந்தாவது ஆரம்பித்தாக வேண்டும். ஒருவர் பொய் சொல்வதாக வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேச்சை ஒட்டிப் பார்ப்போம். ஒட்டவில்லை என்றால் அடுத்த ஆள். ஜுஹோவுக்கு இதில் ஒரு வழி இருந்தது. வெள்ளைப் பலகைமேல் பேனாவால் தட்டிக்கொண்டே சொல்வார்: “காப்பை முதல்ல ஒதுக்கித் தள்ளு. மத்ததெல்லாம் தானா விழும்.” அதாவது, காப் பொய் சொல்வதாக வைத்துக்கொண்டே ஆரம்பிப்பது. பாதிக் கணக்குகளில் அது வேலை செய்யும். நானும் யீசுலும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

செரானால் முடியவில்லை. எந்தத் தாளை எடுத்தாலும் காப் சொன்னதற்குப் பக்கத்தில் முதலில் ‘உண்மை’ என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள். காப்தான் பொய்யன் என்கிற கணக்கு வந்தால் எல்லோரையும் ஒருவர் விடாமல் சோதித்துவிட்டு, வேறு வழியே இல்லாமல் கடைசியில்தான் அவரிடம் வருவாள். அதற்குள் நேரம் போய்விடும்.

“அக்கா, காப் என்ன உங்க மாமனாரா? அவரு மேல அப்படி ஒரு மரியாதை,” என்பாள் யீசுல்.

“மாமனார்னா சந்தேகப்பட்டிருப்பேன்டி,” என்பாள் செரான். ஆனால் அடுத்த தாளிலும் அதேதான்.

தேர்வு ஒரு சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பெரிய கம்பெனி. பெயர் வேண்டாம், நாங்களே அதை ‘அந்த இடம்’ என்றுதான் சொல்வோம், பெயரைச் சொன்னால் கிடைக்காமல் போய்விடும் என்பதுபோல. ஜுஹோ, செரான், நான் மூவருக்கும் சனிக்கிழமை. யீசுலுக்கு மறுநாள். கேள்வியை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் ஐந்து வருஷம் விண்ணப்பிக்க முடியாது என்று ஆரம்பத்திலேயே ஒரு உறுதிமொழியில் சொடுக்க வைத்தார்கள்.

செரான் அன்று காலை தன் ஒற்றை அறையின் அழைப்பு மணியைக் கழற்றி வைத்தாளாம். கதவில் ‘தயவுசெய்து தட்ட வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினாள். மேல் வீட்டில் பியானோ வாசிக்கும் பெண்ணுக்குப் பேரிக்காய் வாங்கிக் கொடுத்து மதியம்வரை வாசிக்காமல் இருக்கும்படிக் கேட்டுக்கொண்டாள். பூனை எதுவும் ஜன்னலில் வந்துவிடக் கூடாதென்று திரைச்சீலையை டேப்பால் சுவரோடு ஒட்டினாள். தேர்வு முடிந்த கையோடு எனக்கு போன் செய்தாள்.

“உதடு அசையல. ஆனா எச்சில் முழுங்குறப்போ தொண்டை ரெண்டு தடவை அசைஞ்சுது. அதையும் எழுதியிருப்பாங்களா?”

இல்லை என்றேன். எனக்கு என்ன தெரியும்.

“பொய்யன் கணக்கு வந்துச்சில்ல,” என்று ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “சொல்லக் கூடாது. போன்ல ரெக்கார்டு ஆகுமோ என்னவோ. வெச்சிடறேன்.”

அவ்வளவு பயந்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் குழு அரட்டையில் ஜுஹோ ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டார். வேலை தேடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் பொது அரட்டை அறை ஒன்று உண்டு. நாங்கள் நால்வரும் அதில் இருந்தோம். உண்மைப் பெயர் தேவையில்லை, புனைபெயர் போதும். சனிக்கிழமை மாலை அந்த அறையில் யாரோ அந்தப் பொய்யன் கணக்கை அப்படியே எழுதி, விடையையும் வழியையும் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அறையை நடத்துகிறவர் அதை மறைத்துவிட்டார். ஆனால் அதற்குள் பலர் படம் பிடித்துவிட்டார்கள். எழுதியவரின் புனைபெயர்: உல்.

படத்துக்குக் கீழே ஜுஹோ ஒரே வரி எழுதியிருந்தார். ‘செரான், இது நீயா?’

உல் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அந்த அறையில் எத்தனையோ பேர். வேலை இல்லாதவர்கள் கூடும் இடத்தில் அந்தப் பெயருக்கு என்ன பஞ்சம். ஆனால் செரானும் அங்கே உல்லாகத்தான் இருந்தாள். அந்த வரியைப் பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம் அந்தப் பொது அறையை விட்டு வெளியேறியது. வெளியேறினால் அதில் நாம் எழுதியது, மற்றவர் எழுதியது எல்லாம் நம் போனிலிருந்து அழிந்துவிடும். தான் எதையும் எழுதவில்லை என்று காட்ட அவளிடம் இருந்த ஒரே சாட்சியை அவள் பயத்தில் தன் விரலாலேயே அழித்துவிட்டாள்.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து தேர்வு எழுதிய எல்லோருக்கும் மெயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்கு முன்பே ஒரு கேள்வி வெளியாகியிருக்கிறது, விசாரணை நடக்கிறது என்றார்கள். சம்பந்தப்பட்டவர் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் தானாக முன்வந்து தெரிவித்தால் தகுதிநீக்கத்தோடு விஷயம் முடியும். அதன்பிறகு கண்டுபிடித்தால் அவரும் அவருக்குத் துணைநின்றவர்களும் ஐந்து வருஷம் விண்ணப்பிக்க முடியாது, வழக்கும் வரலாம்.

செவ்வாய்க்கிழமை நான் செரானின் அறைக்குப் போனேன். ஜன்னலில் ஒட்டிய டேப் இன்னும் அப்படியே இருந்தது. விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். சோறு வைக்கும் குக்கர் சூட்டிலேயே கிடந்து, உள்ளே சோறு மஞ்சளாகிப் போயிருந்தது. கட்டைவிரலில் பிளாஸ்திரி.

“ஜோங், நான் சனிக்கிழமை ராத்திரி மக்கொல்லி குடிச்சேன்,” என்றாள். அரிசிக் கள் குடித்ததை ஏதோ கொலையை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னாள். “பரீட்சை முடிஞ்ச சந்தோஷத்துல. போன கையில வெச்சிட்டே தூங்கிட்டேன். போன்ல அந்த அரட்டை ரூம் தொறந்துதான் இருந்துச்சு.”

“அக்கா, அது சாயங்காலமே வந்த பதிவு.”

“நான் சாயங்காலமே குடிச்சேன்.”

“ஒரு கணக்கு முழுக்க எழுதி, விடையும் எழுதினா ஞாபகம் இருக்காதா?”

“போன் வந்தது ஞாபகம் இல்லியே எனக்கு,” என்றாள்.

எந்த போன் என்று கேட்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். அந்தத் தொழிற்சாலையில் வராத போனைச் சொல்கிறாள். இரண்டும் அவளுக்கு இப்போது ஒன்றாகிவிட்டன என்பது புரிந்தபோது எனக்கும் பயம் வந்தது. நான் எத்தனையோ ஊரில், மொழி தெரியாத எல்லைச் சாவடிகளில் எல்லாம் பயந்திருக்கிறேன். அங்கே பயம் எதிரே நிற்பவரைப் பார்த்து வந்தது. இவளுக்கு அது தன்மீதே வந்திருந்தது.

அப்போது ஜுஹோ அழைத்தார். அவள் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். நான் இருப்பது அவருக்குத் தெரியாது.

“சாப்டியாம்மா?” என்றுதான் ஆரம்பித்தார். குரலில் கோபமே இல்லை. நிதானமாக, கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலவே சொன்னார். அவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். உல் என்ற பெயரைப் பிடித்தால் குழு வரும், குழு வந்தால் நால்வரும் துணைநின்றவர்கள் ஆகிவிடுவோம். ஒருவர் முன்வந்தால் அந்த ஒருவரோடு முடியும் என்றார்.

“நான் எழுதினேனான்னே எனக்குத் தெரியலண்ணே.”

“அதத்தான் நானும் சொல்றேன். எழுதலன்னும் உன்னால சொல்ல முடியலல்ல. பாரும்மா, இது கடைசிப் பருவம்னு நீயேதான் சொன்னே. யீசுல் சின்னப் பொண்ணு. அவளுக்கு அஞ்சு வருஷம் போச்சுன்னா என்ன ஆகும், யோசி.”

செரான் தரையில் இருந்த போனுக்குத் தலையாட்டினாள்.

அவர் வைத்த பிறகு நான் நிறையப் பேசினேன். எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதே அவள் கவலையாக இருந்தது. மகள் அந்த இடத்தின் தேர்வு எழுதுகிறாள் என்று அம்மா பள்ளிச் சமையலறை முழுவதும் சொல்லி வைத்திருக்கிறாராம். பிறந்தநாளன்று வழக்கமாக வைக்கும் கடற்பாசிச் சூப் வழுக்கும், தேர்வுக்கு முன் குடித்தால் தேர்விலும் வழுக்கிவிடும் என்று சொல்லி மாட்டுக்கறிச் சூப் வைத்து அனுப்பினாராம்.

புதன்கிழமை மதியம் படிப்பறையில் கூடினோம். அன்று வாடகை கொடுத்தது ஜுஹோ. செரான் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்திருந்தாள். தனியாக அனுப்பத் தைரியம் வராது, எல்லோரும் இருக்கும்போது அனுப்பிவிடுகிறேன் என்று அவளே சொன்னாளாம். கீழே கிம்பாப் கடையிலிருந்து எள்ளெண்ணெய் வாசனை வந்துகொண்டிருந்தது. யாரும் எதுவும் வாங்கவில்லை. யீசுல் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. தான் அந்தப் பதிவைப் பார்க்கவே இல்லை என்று வந்ததிலிருந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் பெயர், விண்ணப்ப எண் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கடைசியாக ஒரு பெரிய கட்டம். வெளியிட்டதை எழுதியபடியே எழுத வேண்டும், அந்த விடைக்கு எப்படி வந்தீர்கள் என்பதையும் விளக்க வேண்டும் என்று இருந்தது.

“அப்படியே ஸ்கிரீன்ஷாட்ட பாத்து அடிச்சிடு,” என்றார் ஜுஹோ. “நெறைய யோசிக்காத.”

செரான் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். அடிக்க ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. அன்று வாயில் டீ இல்லை, கேமரா இல்லை, அவள் அதை அடக்கவும் முயலவில்லை. கேள்வியை அடித்து முடித்தாள். ஐந்து பேர் சொன்னதையும் அடித்தாள். பிறகு வழி. முதல் வரியில் உதடு நின்றுவிட்டது.

திரும்ப ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

“என்னம்மா?” என்றார் ஜுஹோ.

அவள் மேஜைமேல் கிடந்த பழைய மாதிரித்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் ஐந்து பெயரையும் எழுதினாள். காப் பெயருக்குப் பக்கத்தில், எப்போதும்போல, ‘உண்மை’ என்று எழுதினாள். பிறகு உல், பியோங் என்று ஒவ்வொருவராகப் பொய்யாக்கிப் பார்த்து அடித்துக்கொண்டு போனாள். மெதுவாக, எங்களுக்கெல்லாம் எரிச்சல் வருகிற அதே மெதுவில். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கம் நிறைந்த பிறகுதான் விடைக்கு வந்தாள். பொய்யன் காப்தான்.

“விடை ஒண்ணுதான்,” என்றாள் தாளைப் பார்த்தபடியே. “ஆனா நான் இப்படி ஆரம்பிக்க மாட்டேனே.”

“எப்படி?”

“இதுல மொத வரியே, ‘காப் பொய் சொல்வதாக வைத்துக்கொள்’ அப்படின்னு இருக்கு.” போனில் இருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினாள். “அடுத்த வரி, ‘மற்றவை தாமாக விழும்’ அப்படின்னு.”

“குடிச்சிருந்தப்போ மாத்திப் போட்டிருப்ப.”

“நான் காப்ப ஒருநாளும் ஒதுக்குனதே இல்லண்ணே. எனக்கு அது வராது.”

யீசுல் யோசிக்காமல்தான் பேசினாள். அழுது களைத்த குரலில், பாதித் தூக்கத்தில் பேசுவதுபோலச் சொன்னாள்: “ஆமால்ல. அக்காவுக்கு அது செத்தாலும் வராது. தானா விழும்னு சொல்றது அண்ணன்தானே.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாரும் ஜுஹோவைப் பார்க்கவில்லை. நான் அவருடைய கையைத்தான் பார்த்தேன். வெள்ளைப் பலகைப் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். அந்த டக் டக் சத்தம் இப்போதுதான் காதில் விழுந்தது.

“அந்த வழி எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்கு,” என்றார்.

“இருக்கும்ணே,” என்றாள் செரான்.

“அப்படி எழுதறவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க.”

“இருப்பாங்கண்ணே. நான் உங்கள ஒண்ணும் சொல்லல.” அவள் கண் தாளைவிட்டு நகரவில்லை. “இது நான் இல்லன்னு மட்டும் சொல்றேன்.”

அவர் எழுந்தார். மேலங்கியைப் போட்டுக்கொண்டார். இஷ்டம்போல் செய், நாளைக்கு ஐந்து வருஷம் என்று மெயில் வரும்போது என்னிடம் வந்து அழாதே என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலும் சரியாக இல்லை. அவரும் பயந்துபோயிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அந்தப் பொது அறையில் பலருக்கு வழி சொல்லி நன்றி வாங்கிப் பழகியவர்; எந்தப் புனைபெயரில் என்று நாங்கள் கேட்டதில்லை. சனிக்கிழமை மாலை ஒரு நிமிஷம் கை அரித்திருக்கலாம். அல்லது அவராக இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. கதவு மூடி, தானியங்கிப் பூட்டு ராகம் பாடி அடங்கியது. பேனாவைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

செரான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “போன் பண்ணி மன்னிப்பு கேட்டுடவா?”

“எதுக்குக்கா?”

“தெரியல. கோவமாப் போறாரு.”

யீசுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் கட்டத்தில் அண்ணன் பெயரை எழுதிவிடலாமா என்று மெல்லக் கேட்டாள்.

“எனக்குத் தெரியாததை எப்படிடி எழுதுறது,” என்றாள் செரான். “எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்.”

அதன்பிறகுதான் கஷ்டமான நேரம் ஆரம்பித்தது. அனுப்புவதற்கான பொத்தான் திரையில் நீலமாக இருந்தது. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜுஹோ போன பிறகு பயம் குறையும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன், அது கூடியது. அவள் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைக் கேட்டாள். உல் என்ற பெயரைப் பிடித்துவிட்டால்? நான் இல்லை என்று சொன்னால் நம்புவார்களா? மெதுவாகக் கணக்குப் போடுகிறவள் என்பதை எந்த அதிகாரியிடம் எப்படி நிரூபிப்பது? அவர்கள் முன்னால் உட்கார்ந்து போட்டுக் காட்டச் சொல்வார்களா? ஒரு கட்டத்தில் அவள் விரல் பொத்தானை நோக்கிப் போயிற்று. எழுதியதை அனுப்பிவிட்டால் இந்தப் பயமாவது நிற்கும் என்றாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். ஆனால் அதையும் நான் செய்தால் இன்னொருவர் சொல்லி நடந்ததாகிவிடும் என்று தோன்றியது.

அவள் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“இப்படி உக்காந்தா கேமராவுல கை தெரியாது,” என்றாள் யீசுல். “வெளிய அனுப்பிடுவாங்க.”

செரான் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

ஆறு மணி ஆனபோது எதுவும் நடக்கவில்லை. அந்த இணையப் பக்கம் தானாகச் சாம்பல் நிறமாகி, காலம் முடிந்தது என்று ஒரு வரி வந்தது. அறையின் வாடகை நேரமும் அதோடு முடிந்து விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. செரான் ஓடிப்போய் நடைவழிக் கழிவறையில் வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். காலையிலிருந்து சாப்பிடாததால் தண்ணீரைத் தவிர ஒன்றும் வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி, “இந்தத் தடவை கையெழுத்துப் போடல,” என்றாள். அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. ஒரு பொருளை எங்கோ விட்டுவிட்டு வந்தவள் சொல்வதுபோல இருந்தது.

அன்று இரவே ஜுஹோ எங்கள் குழு அரட்டையை விட்டுப் போய்விட்டார். அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் மேலே காப் என்ற பெயருக்குப் பதிலாக ‘தெரியாத நபர்’ என்று வந்தது.

அடுத்த நாட்களை நாங்கள் மெயில் வரும் சத்தத்துக்குத் திடுக்கிட்டபடியே கழித்தோம். செரான் போனைக் குளிர்பெட்டிமேல் வைத்துவிட்டு, சத்தம் வந்தால் என்னை அழைத்து, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே திறந்து பார்ப்பாள். பெரும்பாலும் ஷாம்பு தள்ளுபடியாக இருக்கும். கடைசியில் கம்பெனி எல்லோருக்கும் ஒரு சிறிய அறிவிப்பு அனுப்பியது: அந்தக் கேள்வி யாருக்கும் மதிப்பெண்ணில் சேராது. விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிந்துவிட்டதா, நடக்கிறதா, எதுவும் இல்லை. சேரப் போவதில்லை என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கணக்கில் அத்தனை நேரம் செலவழித்திருக்க மாட்டேன் என்று செரான் வருத்தப்பட்டாள்.

தேர்வு முடிவு மூன்றாம் வாரம் வந்தது. யீசுல் தேறினாள். நான் இல்லை. செரானும் இல்லை. உங்கள் திறமை எங்களுக்குத் தெரியும், இடம்தான் குறைவு என்கிற வழக்கமான மெயில். அவள் அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். ஐந்து வருஷம் என்ற சொல் எங்கேயும் இருக்கிறதா என்று இரண்டாம் முறையும் படித்தாள். இல்லை.

“வெறும் ஃபெயில்தான்,” என்றாள். “நானே போட்டு நானே தோத்தது.” அன்று இரவு தொக்போக்கி வாங்கி, காரத்தில் கண்ணீர் விட்டபடி முழுவதையும் அவளே சாப்பிட்டாள். அம்மாவிடமும் அன்றே சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வேறு சில தேர்வுகள் எழுதினாள். இன்னும் காப் சொல்வது உண்மை என்றே ஆரம்பிக்கிறாள். மாற்ற முடியவில்லை, இனிமேல் முடியாது என்கிறாள். வசந்தத்தில் ஓசாங்கில் உணவுப் பெட்டி செய்கிற ஒரு சிறிய கம்பெனியில் இடம் கிடைத்தது. அங்கே ரீசனிங் தேர்வு கிடையாது. கையெழுத்துப் போடப் போகும் நாளில் துணைக்கு வா என்றாள், போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இளைஞர் ஒருவர் ஒப்பந்தத்தை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். செரான் முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். ‘இனி காப் என அழைக்கப்படும்’ என்பதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முகம் வெளுத்திருந்தது. மேஜைக்கு அடியில் கால் ஆடியது. உதடு நன்றாக அசைந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் எனக்குச் சத்தமே கேட்டது. அந்த இளைஞர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏதாவது பிரச்சினைங்களா?” என்றார்.

“இல்லைங்க,” என்றாள் செரான். வரியின் கீழே வைத்த விரலை எடுக்காமல் அடுத்த வரிக்குப் போனாள். “இன்னும் படிச்சிட்டிருக்கேன்.”